கைவிடப்பட்ட இருப்புப்பாதைகளைப் பொது நடைபாதைகளாக்கலும் அதன் சமூகப் பயன்களும்: சிங்கப்பூர் முதல் உத்திரமேரூர் வரை

ஆய்வுச் சுருக்கம்

தொடர்வண்டி ஓட்டம் நின்றுபோன பாதைகளின் நிலத்தை, மக்கள் நடப்பதற்கும் மிதிவண்டியில் செல்வதற்கும் உரிய பொதுவழியாக மாற்றும் முறை 1960களில் தொடங்கிப் பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. இம்முறையின் சமூகப் பயன்கள் பாதையின் மேற்பரப்பையோ அழகூட்டலையோ சார்ந்து அமைவதில்லை. நிலத்தின் தொடர்ச்சி, அதன் பொது உரிமை, உள்ளூர்ப் பராமரிப்பு ஆகிய மூன்றையும் சார்ந்தே அமைகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரின் 24 கி.மீ. இருப்புப்பாதை முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. அதனோடு தமிழகத்தின் மொரப்பூர், தரங்கம்பாடி, அகத்தியம்பள்ளிப் பாதைகள் ஒப்பிடப்படுகின்றன. இருப்புப்பாதையே இல்லாத உத்திரமேரூர் வட்டாரத்தில் ஏரிக்கரைகள் இத்தகைய தொடர்நிலமாக விளங்கக்கூடும் என்பதும், அவற்றைப் பேணுவதற்கான நிறுவன மரபு அவ்வூர்க் கல்வெட்டுகளில் காணப்படுகிறது என்பதும் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இருப்புப்பாதை, நடைபாதை, பொதுநிலம், ஏரிக்கரை, உத்திரமேரூர், வாரியம்

முன்னுரை

ஓர் இருப்புப்பாதை மூடப்படும்போது தண்டவாளம், குறுக்குக்கட்டை, சரளைக்கல் ஆகியவை அகற்றப்படுகின்றன. எஞ்சுவது சில மீட்டர் அகலமும் பல கிலோமீட்டர் நீளமும் கொண்ட நிலம். வேளாண்மைக்கும் வீட்டுமனைக்கும் இந்நிலம் துண்டுதுண்டாகவே பயன்படும். ஊரையும் ஊரையும் இணைக்கும் வழியாகவோ முழுமையாகவே பயன்படும். துண்டாக்கப்பட்டபின் அதை மீண்டும் ஒன்றுசேர்ப்பது மிகக் கடினம். எனவே, பாதை மூடப்படும் காலத்தில் எடுக்கப்படும் முடிவு பல தலைமுறைகளைக் கட்டுப்படுத்துகிறது. அம்முடிவு எவ்வாறு எடுக்கப்பட வேண்டும், அதனால் சமூகம் பெறும் பயன் யாது என்னும் இரு வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இருப்புப்பாதை நிலத்தின் இயல்பான தகுதி

எஃகுத் தண்டவாளத்தின்மீது எஃகுச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால் குறைந்த ஆற்றலில் பெருஞ்சுமையை இழுக்க முடிகிறது. அதே காரணத்தால் செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும். ஆகவே, சமவெளிப் பாதைகளை அமைத்த பொறியாளர்கள் 100 மீட்டர் நீளத்திற்கு ஒரு மீட்டர் உயர்வு என்னும் அளவை ஒட்டியே ஏற்றத்தை வைத்துக்கொள்ள முயன்றனர். மேட்டைக் குடைந்தும் பள்ளத்தில் கரையெழுப்பியும் இதை நிறைவேற்றினர். நீலகிரி மலைப்பாதையில் பற்சட்டம் பொருத்த வேண்டியிருந்தமைக்கு இவ்விதியைக் கடைப்பிடிக்க இயலாத மலைச்சரிவே காரணம்.

தொடர்வண்டிக்காகச் செய்யப்பட்ட இவ்வேற்பாடு நடப்பவர்க்கும் பொருந்துகிறது. சக்கர நாற்காலி செல்லும் சாய்தளத்திற்கு 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்வு என்பதே பொதுவாக ஏற்கப்படும் மேல்வரம்பு. இருப்புப்பாதையின் ஏற்றம் அதனினும் பலமடங்கு மென்மையானது. முதியோர், கருவுற்றோர், மாற்றுத்திறனாளிகள், மிதிவண்டி பழகும் சிறுவர் ஆகியோர் களைப்பின்றிச் செல்ல இது உதவுகிறது. மழைநீர் தேங்காத உயர்ந்த கரை, ஓடைகளைக் கடக்கும் பாலங்கள், ஊர் நடுவில் அமைந்த நிலையங்கள், ஊர்திப் போக்குவரத்திலிருந்து விலகிய தனிவழி ஆகியனவும் இந்நிலத்துடனேயே வருகின்றன. புதிதாக இத்தகைய வழி அமைப்பதாயின் ஆகும் பெருஞ்செலவு, முன்னோர் உழைப்பால் ஏற்கெனவே செலுத்தப்பட்டுவிட்டது எனலாம்.

2. கருத்தின் தோற்றமும் சட்டப் பாதுகாப்பும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாலைப் போக்குவரத்து பெருகியதால் மேலைநாடுகளில் பல கிளைப்பாதைகள் மூடப்பட்டன. அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு மேற்கே கைவிடப்பட்ட பாதையொன்றைப் பொது நடைபாதையாக்க வேண்டும் என்று தாவரவியல் ஆசிரியரான மே வாட்ஸ் 1963இல் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தின் விளைவாக இல்லினாய் பிரெய்ரி பாதை உருவாயிற்று. விஸ்கான்சின் மாநிலம் எல்ராய் முதல் ஸ்பார்ட்டா வரையிலான 51 கி.மீ. பாதையை 1965இல் விலைக்கு வாங்கி, 1967இல் மக்களுக்குத் திறந்தது. அப்பாதையில் மூன்று மலைக்குகைகள் உள்ளன.

பிரிட்டனில் 1963ஆம் ஆண்டின் பீச்சிங் அறிக்கையைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான மைல் நீளப் பாதைகள் மூடப்பட்டன. அவற்றின் நிலம் பல இடங்களில் பகுதிபகுதியாக விற்கப்பட்டது. 1969இல் மூடப்பட்ட ஸ்காட்லாந்தின் வேவர்லி பாதையின் ஒரு பகுதியை 2015இல் மீண்டும் திறந்தபோது, இடைக்காலத்தில் அந்நிலத்தில் எழுந்துவிட்ட கட்டுமானங்களை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. ஸ்பெயின் 1993இல் 'பசுமை வழிகள்' திட்டத்தைத் தொடங்கிப் பாதைகளை மட்டுமன்றிப் பழைய நிலையக் கட்டடங்களையும் தங்குமிடங்களாகவும் உணவகங்களாகவும் பயன்பாட்டிற்குக் கொணர்ந்தது.

இவ்வரலாற்றில் இந்தியச் சூழலுக்கு மிகவும் பயன்படக்கூடியது 1983இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்திருத்தமாகும். இதனைப் 'பாதைநில வைப்பு' எனத் தமிழில் குறிக்கலாம். தொடர்வண்டி நிறுவனம் ஓட்டத்தை நிறுத்தும்போது, உள்ளாட்சியோ தன்னார்வ அமைப்போ அந்நிலத்தின் பொறுப்பை ஏற்று நடைபாதையாகப் பேணலாம். பின்னாளில் தொடர்வண்டி தேவைப்படின் நிலம் மீண்டும் அதற்கே திரும்பும். அதுவரை நிலம் சிதறாமல் வைப்பில் இருக்கும். நில உரிமையாளர்கள் இதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1990இல் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. நடைபாதையும் தொடர்வண்டியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதை இச்சட்டம் நிறுவியது.

3. சிங்கப்பூர்: தொடர்ச்சி காக்கப்பட்ட வரலாறு

சிங்கப்பூரின் முதல் இருப்புப்பாதை 1903இல் திறக்கப்பட்டது. 1932இல் பாதை மாற்றியமைக்கப்பட்டுத் தஞ்சோங் பகார் முனையம் கட்டப்பட்டது. மலாயாவின் இருப்புப்பாதைப் பணிகளில் தமிழ்த் தொழிலாளர்களின் பங்கு பெரிது. குவீன்ஸ்டவுன் பகுதியிலுள்ள முனீஸ்வரன் கோயில், பாதையோரக் குடியிருப்பில் வாழ்ந்த இருப்புப்பாதைத் தொழிலாளரின் சிறு வழிபாட்டிடமாகத் தொடங்கி, இன்று பெருங்கோயிலாக வளர்ந்துள்ளது. எனவே, இப்பாதையின் வரலாறு அயலகத் தமிழர் வரலாற்றின் ஒரு பகுதியுமாகும்.

சிங்கப்பூர் தனிநாடான பின்னரும் பாதையும் அதன் நிலமும் மலேசியத் தொடர்வண்டி நிறுவனத்திடமே இருந்தன. 1990இல் தொடங்கிய உடன்பாட்டுப் பேச்சுகள் 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுக்கு வந்தன. முனையம் உட்லண்ட்ஸ் பகுதிக்கு மாறும் என்றும், தெற்கிலுள்ள நிலம் சிங்கப்பூர் அரசிடம் சேரும் என்றும் முடிவாயிற்று. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட இறுதி வண்டியை ஜோகூர் சுல்தான் ஓட்டிச் சென்றார்.

இங்குக் கவனிக்கவேண்டியது கால வரிசையாகும். இறுதி வண்டி புறப்படுவதற்குப் பல மாதங்கள் முன்பே, 2010ஆம் ஆண்டின் பிற்பகுதியில், சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் பாதை முழுவதையும் பசுமை வழியாகக் காக்கவேண்டும் என்னும் முன்மொழிவை அரசிடம் அளித்தது. நிலத்திற்குப் பெருவிலை கிடைக்கும் நகரம் அது. துண்டுகளாக்கி விற்றிருப்பின் அரசுக்கு வருவாய் கிடைத்திருக்கும். ஆயினும் தொடர்ச்சி காக்கப்பட்டது. தண்டவாளங்கள் அகற்றப்படுமுன் 2011 ஜூலை மாதத்தின் முதல் பாதியில் மக்கள் பாதையில் நடக்க அனுமதிக்கப்பட்டனர். எதைக் காக்கப்போகிறோம் என்பதை மக்கள் தம் கால்களால் அறிந்துகொள்ள அந்நாட்கள் வாய்ப்பளித்தன.

தஞ்சோங் பகார் நிலையம் 2011இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. புக்கிட் தீமா நிலையமும் எஃகுப் பாலங்களும் காக்கப்பட்டன. புக்கிட் தீமா இயற்கைக் காப்பகத்தை ஒட்டிய நடுப்பகுதி 2021இலும், புதுப்பிக்கப்பட்ட நிலையம் 2022இலும் திறக்கப்பட்டன. பாதையின் பெரும்பகுதி கற்காரையிடப்படாமல் புல்லும் சரளையும் கலந்த தளமாகவே விடப்பட்டுள்ளது. மழைநீர் நிலத்தில் இறங்கவும், உயிரினங்கள் இருபுறமும் கடக்கவும் இது இடமளிக்கிறது.

4. சமூகப் பயன்கள்

4.1 உடல்நலம்

வளர்ந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபடவேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. நீரிழிவும் உயர் குருதியழுத்தமும் பரவலாகிவிட்ட தமிழகத்தில் இப்பரிந்துரை கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம், மாவட்டந்தோறும் 8 கி.மீ. நீள நடைவழியைக் குறித்தளித்தது. அரசே நடைவழியைத் தேடி அடையாளப்படுத்த வேண்டியிருப்பது, நடப்பதற்கு உகந்த தொடர்வழி எவ்வளவு அருகிவிட்டது என்பதைக் காட்டுகிறது. சிற்றூர்களில் சாலையோரமே நடைவழியாக உள்ளது. அங்கு மணல் சுமந்த சரக்குந்துகளும் விரைந்துவரும் இருசக்கர ஊர்திகளும் நடப்போரை ஒதுக்கிவிடுகின்றன.

4.2 அன்றாடப் பயணம்

இத்தகைய பாதைகளைப் பொழுதுபோக்கு இடங்களாக மட்டும் கருதுவது குறைபார்வையாகும். பள்ளி மாணவர்க்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. ஆனால், அம்மிதிவண்டி செல்லும் வழி பெரும்பாலும் நெடுஞ்சாலையே. ஊர்களைப் பிணைக்கும் தனிவழி இருப்பின் பள்ளிக்கும், துணை நலவாழ்வு நிலையத்திற்கும், சந்தைக்கும் செல்வோர் பாதுகாப்புடன் செல்லலாம். குறிப்பாகப் பெண்கள் துணையின்றி நடப்பதற்கு, ஆள்நடமாட்டமும் திறந்த பார்வையும் கொண்ட வழி இன்றியமையாதது.

4.3 உள்ளூர்ப் பொருளாதாரம்

எல்ராய்–ஸ்பார்ட்டா பாதையின் இடையில் கெண்டல், வில்டன், நார்வாக் ஆகிய சிற்றூர்கள் உள்ளன. மிதிவண்டிப் பயணிகள் உணவருந்தவும் தங்கவும் மிதிவண்டி வாடகைக்குப் பெறவும் இவ்வூர்களை நாடுகின்றனர். மகிழுந்தில் வருபவர் ஊரைக் கடந்துவிடுவார். நடந்தோ மிதித்தோ வருபவர்க்குப் பசியும் தாகமும் உண்டு. எனவே, இத்தகைய வழிகளில் வரும் வருவாய் பெருநிறுவனங்களைக் காட்டிலும் தேநீர்க்கடை, இளநீர்க்கடை, சிற்றுண்டிக்கடை ஆகியவற்றைச் சென்றடைய மிகுந்த வாய்ப்புள்ளது.

4.4 சூழலும் நினைவும்

பாதையின் இரு ஓரங்களிலும் வளரும் தாவரங்கள் சிதறுண்ட வாழிடங்களை இணைக்கும் பசுங்கயிறாகின்றன. நிலையக் கட்டடம், கைகாட்டி மரம், பாலம் ஆகியன இடம்பெயராமல் நிற்கும்போது ஊரின் தொழில் வரலாறு கண்முன் நிற்கிறது. அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட பொருளைவிட, நாள்தோறும் கடந்துசெல்லும் பாலம் வரலாற்றை எளிதில் கற்பிக்கிறது.

5. தமிழகத்தின் மூன்று பாதைகள்

தமிழகத்தில் ஓட்டம் நின்ற பாதைகளின் பின்வரலாறு ஒரே தன்மையதன்று. மூன்று சான்றுகள் மூன்று நிலைகளைக் காட்டுகின்றன.

முதலாவது, மொரப்பூர்–தருமபுரிப் பாதை. 1906இல் குறுகிய பாதையாகத் திறக்கப்பட்ட இது பின்னர் ஓசூர்வரை நீட்டிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941இல், மூடப்பட்டது. தருமபுரி மக்கள் பல பத்தாண்டுகளாக இப்பாதையை மீட்டுத்தர வேண்டினர். ஏறத்தாழ 36 கி.மீ. நீளமுள்ள புதிய பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒருகாலத்தில் தொடர்வண்டி ஓடிய வட்டாரத்திலேயே மறுபடியும் நிலம் கையகப்படுத்தவேண்டிய நிலை ஏற்பட்டது. தொடர்ச்சியை இழந்த நிலத்தின் விலையை இச்சான்று உணர்த்துகிறது.

இரண்டாவது, திருத்துறைப்பூண்டி–அகத்தியம்பள்ளிப் பாதை. வேதாரண்யம் வட்டாரத்து உப்பை ஏற்றிச்சென்ற இப்பாதை, அகலப்பாதையாக மாற்றுவதற்காக நிறுத்தப்பட்டு நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. 2023 ஏப்ரலில் மீண்டும் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. பாதை கைவிடப்படாமல் துறையின் பொறுப்பிலேயே இருந்தமையால், தாமதமாகவேனும் மீட்சி நிகழ்ந்தது.

மூன்றாவது, மயிலாடுதுறை–தரங்கம்பாடிப் பாதை. 1926இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 30 கி.மீ. நீளமுள்ள இப்பாதை, செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகக் கடற்கரையை அடைந்தது. 1980களில் ஓட்டம் நின்றது. டேனியர் 1620இல் கால்பதித்த கடற்கரையையும், அறுபதாம் மணவிழாவுக்குப் பெயர்பெற்ற திருக்கடையூரையும் இணைக்கும் வழி இது. நடப்போர்க்கும் மிதிவண்டியினர்க்கும் இதைவிடப் பொருத்தமான வழியைத் தமிழகத்தில் காண்பது அரிது. எனினும், இவ்வட்டார மக்கள் கேட்பது தொடர்வண்டியையே. அக்கோரிக்கை நியாயமானது. அதனைப் புறந்தள்ளி நடைபாதையை முன்மொழிவது, பேருந்துக்குக் காத்திருப்பவரிடம் நடந்துபோகச் சொல்வதற்கு ஒப்பாகும். இங்கேதான் பாதைநில வைப்பு முறை வழிகாட்டுகிறது. நிலம் தொடர்வண்டித் துறையின் உரிமையிலேயே இருக்க, ஊராட்சிகள் உடன்படிக்கையின் பேரில் அதனை இடைக்கால நடைபாதையாகப் பேணலாம். தொடர்வண்டி வரும் நாளில் நிலத்தைத் திரும்ப ஒப்படைக்கலாம். நாள்தோறும் மக்கள் நடக்கும் நிலம் சீமைக்கருவேலக் காடாவதில்லை, எல்லைக்கற்களும் காணாமற்போவதில்லை.

6. உத்திரமேரூர்: இருப்புப்பாதையற்ற ஊரின் தொடர்நிலம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருப்புப்பாதையின் வரலாறு பழமையானது. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்திற்கு 1865இலேயே பாதை அமைந்தது. இன்று அரக்கோணம்–செங்கல்பட்டுப் பாதை காஞ்சிபுரம், வாலாஜாபாத் வழியாகவும், சென்னை–விழுப்புரம் முதன்மைப் பாதை செங்கல்பட்டு, மதுராந்தகம் வழியாகவும் செல்கின்றன. உத்திரமேரூர் இவ்விரண்டிற்கும் இடையே, இரண்டிலும் சேராமல் அமைந்துள்ளது. எனவே, இங்கு நடைபாதையாக மாற்றுவதற்குப் பழைய இருப்புப்பாதை இல்லை. ஆயினும் மேலே கண்ட தகுதிகள் யாவும் இருப்புப்பாதைக்கே உரியன அல்ல. நீண்ட, உயர்ந்த, ஏற்றத்தாழ்வற்ற, பொது உரிமையுள்ள கரை எதுவோ அது இத்தகுதிகளைப் பெரும்பாலும் பெற்றிருக்கும். அத்தகைய கரை இவ்வட்டாரத்தில் ஏராளம். அதுவே ஏரிக்கரை.

தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளதாகக் கணக்கிடப்படுகிறது. அவற்றுள் பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகள் நிறைந்த நிலப்பரப்பாகப் பெயர்பெற்றது. உத்திரமேரூர்ப் பேரேரி கல்வெட்டுகளில் வயிரமேக தடாகம் எனப்படுகிறது. வயிரமேகன் என்பது பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயராகும். திருப்புலிவனம், மானாம்பதி, சாலவாக்கம், பெருநகர் எனச் சூழ உள்ள ஊர்களுக்கும் ஏரி வேளாண்மையே அடிப்படை. ஏரிக்கரை வழியாக வயலுக்கும் பக்கத்து ஊருக்கும் செல்வது இங்குப் புதியதன்று. புதிதாக வேண்டுவது அவ்வழியைப் பொதுவழியாக ஏற்று முறையாகப் பேணும் ஏற்பாடேயாகும்.

நீர்ப்பாசனமும் நடைவழியும் ஒரே கரையில் இணைந்து இயங்கமுடியும் என்பதற்கு அண்மையிலுள்ள வேடந்தாங்கல் சான்றாகும். அங்கு ஏரிக்கரையே பார்வையாளர் நடந்து பறவைகளைக் காணும் வழியாகப் பயன்படுகிறது. அவ்வேரி இன்றும் வயல்களுக்கு நீர் தருகிறது. பறவை எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரமாவதை அறிந்த ஊர்மக்கள், அரசு காப்பகமாக அறிவிப்பதற்கு நெடுங்காலம் முன்பே பறவைகளைக் காத்துவந்தனர். பயன்பெறுவோரே காவலராக இருந்தமையால் அந்த ஏற்பாடு நிலைத்தது.

6.1 வாரிய மரபு

உத்திரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய, அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய, கல்வெட்டுகள் உள்ளன. இவை குடவோலை முறைக்காகப் பெரிதும் போற்றப்படுகின்றன. ஆனால், தேர்ந்தெடுக்கப்பட்டோர் எப்பணிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்பது அதே அளவு கவனம் பெறுவதில்லை. 30 குடும்புகளிலிருந்து தெரிவு செய்யப்பட்டோருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திலும், பன்னிருவர் தோட்ட வாரியத்திலும், அறுவர் ஏரி வாரியத்திலும் அமர்ந்தனர். ஏரியைப் பேணுதல் பொதுவான நல்லெண்ணத்திற்கு விடப்படவில்லை. குறித்த ஆட்களின் குறித்த காலப் பொறுப்பாக அது இருந்தது. பதவிக்காலம் 360 நாட்கள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தோர் மீண்டும் அமர இயலாது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்.

இம்மரபை அப்படியே போற்றுவதும் பொருந்தாது. அது பிராமணர் சபை. நிலமும் மனையும் உடைய, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்ட, கல்வித்தகுதி பெற்ற ஆண்களுக்கே அதில் இடமிருந்தது. உழுதோர்க்கும் பெண்களுக்கும் இடமில்லை. எனவே, இன்று கொள்ளத்தக்கது அதன் உறுப்பினர் தகுதியன்று. குறித்த பொறுப்பு, குறுகிய காலம், கணக்கு ஒப்படைப்பு என்னும் அதன் ஒழுங்குமுறையே. உறுப்பினர் தகுதியை இன்றைய சட்டங்கள் விரிவாக்கியுள்ளன. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ்க் கிராம சபையில் ஊரின் வாக்காளர் அனைவரும் உறுப்பினர். உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு உள்ளது. பாசன ஏரிகளுக்கு நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் உள்ளன. கிராம சபை, நீரைப் பயன்படுத்துவோர் சங்கம், மகளிர் சுய உதவிக் குழு ஆகியவற்றின் பேராளர்கள் கொண்ட சிறு குழுவை ஓராண்டுக் காலத்திற்கு அமர்த்தி, கரைவழிப் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்தல் இயலக்கூடியதே.

6.2 ஏரிக்கரைக்குரிய வரம்புகள்

இருப்புப்பாதைக் கரைக்கும் ஏரிக்கரைக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. முன்னது வண்டியைத் தாங்க எழுந்தது. பின்னது நீரைத் தடுக்க எழுந்தது. ஏரிக்கரையின் முதற்பணிக்கு நடைவழியால் ஊறு நேரக்கூடாது. கரையின்மேல் கற்காரைத் தளமிட்டால் கசிவும் விரிசலும் கண்ணுக்குத் தெரியாமற்போகும். ஆதலால் செம்மண் சரளைத் தளமே பொருத்தமானது. கரையின் உச்சியில் பெருவேர் விடும் மரங்களைத் தவிர்த்து, கரையடியிலும் ஓரத்திலும் பனை போன்றவற்றை வளர்க்கலாம். மதகும் கலங்கலும் அமைந்த இடங்களில் பாசனப் பணிக்கு இடையூறு கூடாது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும் நாட்களில் கரையை மூடும் அதிகாரம் குழுவுக்கு இருக்கவேண்டும். நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் இருப்பதால், எவ்வேற்பாடும் உரிய அமைப்பின் இசைவைப் பெற்றே அமையவேண்டும்.

7. எதிர்கொள்ளவேண்டிய சிக்கல்கள்

நடைபாதைத் திட்டங்கள் எல்லார்க்கும் ஒரே அளவில் நன்மை தருவதில்லை. நியூயார்க் நகரில் உயர்மட்ட இருப்புப்பாதையொன்றின்மீது அமைக்கப்பட்டு 2009இல் திறக்கப்பட்ட ஹைலைன் பூங்கா உலகப் புகழ்பெற்றது. அதேவேளை சுற்றுப்புற நிலமதிப்பு உயர்ந்து, எளிய மக்கள் அங்கு வாழ்வது கடினமாயிற்று என்னும் திறனாய்வும் எழுந்தது. தமிழகத்தில் கைவிடப்பட்ட பாதையோரங்களிலும் நீர்நிலைக் கரைகளிலும் குடியிருப்போருள் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். ஏரிகளைக் காக்க 2007இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம் ஆக்கிரமிப்பை அகற்ற வழிசெய்கிறது. நீர்நிலை காக்கப்படுவது தேவை. எனினும், ஒருவர் காலைநடை செல்வதற்காக மற்றொருவர் வீடிழப்பது சமூகப் பயனாகாது. மாற்று வீட்டுமனை வழங்கியபின்னரே எப்பணியும் தொடங்கவேண்டும்.

இரண்டாவது சிக்கல் சாதி சார்ந்தது. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் இடங்களில் பொதுவழி எங்குத் தொடங்குகிறது, யார் வாயிலைக் கடந்து செல்கிறது என்பது வெறும் பொறியியல் வினா அன்று. எல்லாக் குடியிருப்புகளிலிருந்தும் ஏறுவழி அமைந்தால்தான் அது பொதுவழியாகும். மூன்றாவது சிக்கல் மண்ணின் தூய்மை. பழைய குறுக்குக்கட்டைகளில் பூசப்பட்ட வேதிப்பொருளும் களைக்கொல்லியும் மண்ணில் தங்கியிருக்கக்கூடும். எனவே, இருப்புப்பாதை நிலத்தைத் திறக்குமுன் மண்ணாய்வு செய்தல் வேண்டும்.

முடிவுரை

கைவிடப்பட்ட இருப்புப்பாதை பயனற்ற நிலம் அன்று; பயன் மாறக் காத்திருக்கும் பொதுச்சொத்து. சிங்கப்பூரில் இறுதி வண்டி புறப்படுமுன்னரே நிலத்தின் எதிர்காலம் பற்றிய பேச்சு தொடங்கியதால் தொடர்ச்சி காக்கப்பட்டது. மொரப்பூரில் பாதை அகற்றப்பட்டபின் அதை மீட்க முக்கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. தரங்கம்பாடிப் பாதை இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையில் உள்ளது. தொடர்வண்டிக்கான மக்களின் உரிமைக் கோரிக்கையைக் கைவிடாமலே, அந்நிலத்தை இடைக்கால நடைபாதையாகக் காக்கும் வாய்ப்பு இன்னும் உள்ளது.

உத்திரமேரூர் போன்ற ஊர்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் வேறு. தொடர்நிலம் இருப்புப்பாதையாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆண்டுதோறும் ஆறு பேர் பொறுப்பில் ஏரியைப் பேணிய ஊரில், இன்று ஒரு கரைவழியைப் பேண ஆளில்லை என்பதற்கில்லை. முதற்படியாக ஓர் ஏரியின் கரையை அளந்து, எல்லை குறித்து, கிராம சபைத் தீர்மானத்தின்வழி பொதுவழியாகப் பதிவுசெய்தல் போதுமானது. தளமும் விளக்கும் இருக்கையும் பின்னர் வரலாம். தொடர்ச்சியை இழந்த நிலமோ பின்னர் வருவது அரிது.